சண்டை போட்டவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும்

"மிஸ், உங்க காலேஜ்ல ஸ்டூடண்ட்ஸுக்கு என்னென்ன வசதி இருந்துச்சு?" என்று போன மாதம் ஒரு பெண் என்னைக் கேட்டாள். சுபாங் பக்கம் ஒரு பெரிய தனியார் கல்லூரியில் மாணவர் நலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். நானும் அந்தக் காலத்தில் அதே வேலையைப் பார்த்தவள் என்று யாரோ சொல்லி, என்னைத் தேடி வந்திருந்தாள். கையில் பளபளவென்று ஒரு கையேடு. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், சிரிக்கும் பிள்ளைகள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"ஹாஸ்டல்?"

"இல்ல."

"கேண்டீன்?"

"இல்ல லா. லைப்ரரியும் இல்ல, கேட்டுறாத."

"ஐயோ பாவம். அப்புறம் எப்படி மிஸ் சமாளிச்சீங்க?"

பாவமா? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பிரிக்பீல்ட்ஸ் முழுக்க எங்க காலேஜ்தான்" என்று சொல்லிவிட்டு மைலோ கலக்க எழுந்து போய்விட்டேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. புரிய வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் முன்கதை ரொம்பச் சின்னது. அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. குவார்ட்டர்ஸில் பிறந்து, மெதடிஸ்ட் ஞாயிறு பள்ளியில் பாடி, பாலர் பள்ளி ஆசிரியையாகி, நாலு வயதுப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தே ஏழெட்டு வருடம் ஓடியது. எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் தில்லைநாதன் சார் வந்து, "மிஸஸ் ரூத், கொஞ்சம் பெரிய மூக்கா இருந்தா பரவாயில்லையா?" என்று கேட்டார். அப்படித்தான் அந்தக் கல்லூரியில் சேர்ந்தேன்.

கல்லூரி என்று போர்டு இருந்தது. ஏறிப் பார்த்தால் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இரண்டு மாடி, அவ்வளவுதான். கீழே மிளகாய் அரைத்தால் மேலே வகுப்பு முழுக்கத் தும்மும். மூன்றாம் படிவப் பரீட்சையில் தோற்றுப் போன பிள்ளைகள், தோட்டத்திலிருந்து வந்தவர்கள், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று துரத்திவிட்ட பிள்ளைகள், எல்லாரும் எங்களிடம் வந்தார்கள். இரண்டு வருடம். காலையில் மொழி, கணக்கு. மதியத்துக்கு மேல் ஊருக்குள் ஏதாவது ஓர் இடத்தில் தொழில்.

தில்லைநாதன் சார்தான் முதல்வர். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். யாரையும் தன் அறைக்குக் கூப்பிடமாட்டார். பேச வேண்டும் என்றால் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நம் மேசைக்கு வருவார். பதினாறு வயதுப் பையனையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். கேள்வி கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். நாம் பதில் சொல்லும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். அந்தத் துடைப்புக்குப் பயந்தே எத்தனை உண்மைகள் வெளியே வந்திருக்கின்றன!

அவருக்கு ஒரு கொள்கை. கல்லூரிக்கு எது தேவைப்பட்டாலும், எங்கே வாங்கலாம் என்று கேட்கக்கூடாது, யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். தட்டச்சு இயந்திரம் வேண்டுமா? வக்கீல் ஆபீசில் இருக்கிறது, ஐந்து மணிக்கு மேல் சும்மா கிடக்கிறது. மதியச் சாப்பாடா? கோயிலில் போடுகிறார்கள். மண்டபமா? சர்ச்சில் இருக்கிறது. தையல் வகுப்புக்குத் துணியா? மஸ்ஜித் இந்தியா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய் துண்டுத் துணிகளை மூட்டை கட்டி வைத்திருப்பார். போய்க் கேட்பதுதான் என் வேலை. வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். எனக்கு வாய்க்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் சும்மா வாங்கிக்கொண்டு வரவும் கூடாது. கோயிலில் சாப்பிட்ட பிள்ளைகள் கோயில் அண்டாவைக் கழுவ வேண்டும். சர்ச் மண்டபத்தை வாங்கினால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெஞ்சைத் துடைக்க வேண்டும். பெருநாள் கூட்டத்தில் பாய் கடையில் நின்று துணி மடிக்க வேண்டும். எங்கள் அந்தோணி, கோயில் அண்டாவுக்குள் இறங்கித் தேய்ப்பான். எங்கள் மாரியம்மாள் சர்ச் பலிபீடத்துக்குப் பூ வைப்பாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, கூட்டம் போடவில்லை. வேலை நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதில் அசாத்தியப் பெருமை.

இரண்டு வருடம் முடிந்ததும் சாட்சி நாள். எங்களுக்குத் தேர்வு கிடையாது. கல்லூரிக்கு வெளியே மூன்று பேர் வந்து அந்த மாணவருக்குச் சாட்சி சொல்ல வேண்டும். சொந்தக்காரர் கூடாது. மாணவரே போய்க் கேட்க வேண்டும், ஆசிரியர்கள் சிபாரிசுக்குப் போகக்கூடாது. சர்ச் மண்டபத்தில் கோயில் நாற்காலிகளைப் போடுவோம். சாட்சியின் முகம் தெரியாதபடி மாணவர் சுவரைப் பார்த்து உட்காருவார். சார் எல்லாச் சாட்சிகளிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேட்பார். இவரை எப்படித் தெரியும்? இவரை நம்பி எதைக் கொடுப்பீர்கள்? இவரைத் திரும்ப உங்கள் வாசலில் சேர்ப்பீர்களா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் அந்தச் சாட்சி கணக்கில் இல்லை. அடுத்த வருடம்தான்.

முதல் வருடம் வந்தவர்கள் எல்லாரும் "நல்ல பிள்ளைங்க, அமைதியான பிள்ளைங்க" என்று ஒரே பாட்டாகப் பாடிவிட்டுப் போனார்கள். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மிஸஸ் ரூத், இது கல்யாண வாழ்த்து மாதிரி இருக்கே?" என்றார். அடுத்த வருடம் புது விதி வந்தது. மூவரில் ஒருவர் அந்த மாணவரோடு சண்டை போட்டவராக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் ஆடிப்போனார்கள். சண்டையே போடாத சாதுவான ஒரு பையன், கடைசி வாரத்தில் ரொட்டிச் சானாய் போடும் அண்ணனிடம் போய், "உங்க ரொட்டி ரப்பர் மாதிரி இருக்கு" என்று கத்தியிருக்கிறான். அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "சர்ட்டிபிகேட்டுக்கா தம்பி? இந்த வாரம் நீ மூணாவது ஆளு. போ, போய் உண்மையா ஒரு சண்டை போட்டுட்டு வா" என்றாராம்! ஊருக்கே எங்கள் விதி தெரிந்திருந்தது.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த விதி பரமேஸ்வரி விஷயத்தில் கழுத்தைப் பிடித்தது.

பரமு காப்பார் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பெண். அப்பா முனியாண்டி குலை வெட்டுபவர். மூன்றாம் படிவத்தில் தோற்றதும், அக்காள் மகன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுக்க முடிவு செய்துவிட்டார். பையன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவன், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். பரமு மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு பையோடு எங்கள் படியேறி வந்துவிட்டாள். பின்னாலேயே அப்பாவும் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"டீச்சர், ரெண்டு வருசம் விடறேன். இந்தச் சாட்சியோ கீட்சியோ, அதுல பாஸாகலன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயி தாலி கட்டி வச்சிருவேன். அப்புறம் யாரும் குறுக்க வரக்கூடாது."

பரமு "சரி" என்றாள். நானும் வேறு வழியில்லாமல் தலையாட்டினேன்.

அவளை சின்னையா பட்டறையில் சேர்த்தேன். மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு இவற்றின் மோட்டாரில் எரிந்துபோன கம்பியைப் பிரித்துப் புதுக் காயில் கட்டும் இடம். சின்னையாவுக்கு ஐம்பது வயது இருக்கும், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். "பொம்பளப் பிள்ளையா?" என்று இழுத்தார். ஒரே மாதத்தில், "பரவால்ல மிஸ், கை சுத்தமா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வாங்குவது கல்லிலே நார் உரிக்கிற மாதிரி. ஷா ஆலமில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பழுது பார்க்கும் பிரிவுக்கு ஆள் எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பேசினேன். பள்ளிச் சான்றிதழ் இல்லாததால், எங்கள் சான்றிதழ் கையில் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சாட்சி நாள் முடிந்த அடுத்த வாரமே வேலை. அடுத்த வருடம்வரை காத்திருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் சண்டை வந்தது. பட்டறையில் தினமும் நாலு மணிக்கு எல்லாருக்கும் தண்ணி கலக்குவது பரமுவின் தலையில் விழுந்திருந்தது. வேலை செய்கிற ஆண்கள் இருவர் இருந்தும் அவள்தான் தேத்தண்ணி, மைலோ எல்லாம். ஒருநாள் ஒரு சாப்பாட்டுக் கடைப் பம்பு அவசரமாக வந்திருக்கிறது. அவள் கை முழுக்க வார்னிஷ். வாடிக்கையாளர்கள் நிற்கும்போது சின்னையா, "பரமு, தண்ணி கலக்கு" என்றார்.

"நான் காயில் கட்ட வந்தேன் அண்ணே, தண்ணி கலக்க வரல. இன்னைக்கு வேற யாராச்சும் கலக்கட்டும்."

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்னையாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அப்படின்னா நாளையிலேருந்து வராத" என்றார். பரமு அந்தக் காயிலைக் கடைசிச் சுற்றுவரை கட்டி முடித்து, மேசையில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அதை எனக்குச் சொன்னது அவள் இல்லை, பட்டறையில் இருந்த ஒருவர்.

நான் அவளை வேறு பட்டறையில் சேர்த்துவிட்டேன். சண்டை போட்ட சாட்சிக்குப் பஞ்சமில்லை என்று உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது. சாட்சி நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சின்னையா வருவாரா என்பதே சந்தேகமாகி, சிரிப்பெல்லாம் போய்விட்டது.

பரமு தங்கியிருந்த வீட்டு பிலோமினா ஆன்டி, "பெரியவங்க மனசு குளிர்ந்தா வருவாங்கம்மா, போய் மன்னிப்புக் கேளு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? நேரே பட்டறைக்குப் போய், ஒரு வார்த்தை பேசாமல் பின்பக்கம் நுழைந்து, எல்லாருக்கும் தண்ணி கலக்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள்! சின்னையா கிளாசை வாங்கினார், அவளைப் பார்த்தார், அப்படியே சாக்கடையில் ஊற்றினார். "போ" என்றார்.

என் மேசையில் வந்து குப்புற விழுந்து அழுதாள். "நான் என்ன மிஸ் தப்புப் பண்ணினேன்? அவர் கேட்டதைத்தானே செஞ்சேன்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆளை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாடிப்படியில் தில்லைநாதன் சார், கையில் நாற்காலியோடு.

"எங்க மிஸஸ் ரூத்?"

"சின்னையாகிட்ட. இந்தப் பிள்ளையோட வாழ்க்கையே இதுல இருக்கு சார்."

"தெரியும். நீங்க போய்க் கூட்டிட்டு வந்தா அது உங்களுக்கு வந்த சாட்சி. அந்தப் பிள்ளைக்கு வந்தது ஆகாது."

"அவ அப்பா கூட்டிட்டுப் போயிருவாரு சார்!"

அவர் நாற்காலியைப் படியிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த மனிதரைத் தாண்டி எப்படி இறங்குவது? திரும்பி வந்து மேசை இழுப்பறைகளை எல்லாம் படார் படாரென்று சாத்தினேன். அவரை அன்றைக்கு நான் திட்டியது என் கர்த்தருக்குத்தான் தெரியும்.

மறுநாள் பரமு மறுபடியும் பட்டறைக்குப் போனாள். உள்ளே நுழையவில்லை. "சனிக்கிழமை காலையில சர்ச் மண்டபத்துல சாட்சி. வர்றதும் வராததும் உங்க இஷ்டம் அண்ணே" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் முனியாண்டி உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பரமுவின் துணிப்பையை பிலோமினா ஆன்டி வீட்டிலிருந்து வாங்கிவந்து மடியிலேயே வைத்திருந்தார்.

பிலோமினா ஆன்டி சாட்சி சொன்னார். பார்வையில்லாத தங்கராஜ் அண்ணன் சொன்னார், மசாஜ் நிலையம் வைத்திருப்பவர். அவர் இடத்து விசிறிகளைப் பரமு பழுது பார்த்திருந்தாள். "சத்தத்த வச்சே சொல்றேன் சார், நல்ல வேலை" என்றார். மூன்றாவது நாற்காலி காலி. பரமு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சின்னையா வந்தார்! எண்ணெய்க் கறைச் சட்டையோடு, பட்டறையிலிருந்து நேரே. எனக்கு எழுந்து கை தட்டலாம் போல இருந்தது.

"இவரை எப்படித் தெரியும்?"

"என் பட்டறையில வேலை செஞ்சா. நான்தான் போகச் சொன்னேன்."

"இவரை நம்பி எதைக் கொடுப்பீங்க?"

"எந்த மோட்டாரையும் கொடுப்பேன் சார். திரும்பிப் பாக்க வேண்டியதில்ல."

"இவரைத் திரும்ப உங்க வாசல்ல சேர்ப்பீங்களா?"

"சேர்க்க மாட்டேன்."

மண்டபமே முணுமுணுத்தது.

"பொய் சொல்ல வரல சார். அன்னைக்கு எத்தனை பேர் முன்னாடி மாட்டேன்னு சொன்னா. எனக்குக் கோபம்தான். ஆனா ராத்திரி படுத்து யோசிச்சேன், அவ சொன்னது சரிதான். நானே கூப்பிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வந்து தண்ணி கலக்கி நீட்டுறா. சர்ட்டிபிகேட் வேணும்னா வளையுற ஆளுன்னு ஆயிருச்சே? நாளைக்கு எவனாவது வளைச்சா காயிலையும் வளைச்சுக் கட்டுவாளே?"

பரமுவின் தோள் குலுங்கியது. திரும்பக்கூடாது என்பது விதி, அவள் திரும்பவில்லை. சின்னையா மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. முனியாண்டி எழுந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் எழுகிறார் என்றே எல்லாரும் நினைத்தோம். பையை நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"அய்யா, நானும் இவளோட சண்டை போட்டவன்தான். நான் சொல்லலாமா?"

"நீங்க அப்பா. சொந்தக்காரங்க சாட்சி சொல்றதில்ல" என்றார் சார். பிறகு மண்டபத்தைப் பார்த்து, "என்ன செய்யலாம்?" என்று கேட்டார். விதியைத் தன் கையிலிருந்து விட்டு அவர் கேட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சின்னையாதான் சொன்னார். "பேசட்டும் சார். நான் மாட்டேன்னுட்டேன்ல, ஒரு இடம் காலியாத்தானே இருக்கு?"

முனியாண்டி சாட்சி நாற்காலியிலும் உட்காரவில்லை. பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த அண்ணன் வளையுறான்னு சொல்றாரு. என்கிட்ட இவ வளைஞ்சதே இல்லீங்கய்யா. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தா. கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொல்லு, உள்ள வான்னேன். மாட்டேன்னா. கதவச் சாத்திட்டேன். தம்பி தங்கச்சிக்கு வாங்கிட்டு வந்ததை வாசல்லயே வச்சுக் கொடுத்தா. அவ அம்மா ஜன்னல் வழியா நீட்டின தோசைய அங்கயே உக்காந்து தின்னா. அழல. கதவத் தட்டல. 'போய்ட்டு வரேன்பா'ன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு நடந்து போயிட்டா. ஒரு பொய் சொல்லியிருந்தா உள்ள வந்திருக்கலாம். சொல்லல."

எங்கள் யாரிடமும் பரமு இதை மூச்சுவிட்டதில்லை. தீபாவளி எப்படி இருந்தது என்று நான் கேட்டபோது, "நல்லா இருந்துச்சு மிஸ்" என்றுதான் சொன்னாள்.

தில்லைநாதன் சார் எழுந்து நின்றார். முதல் இரண்டு கேள்விகளை விட்டுவிட்டார்.

"இவரைத் திரும்ப உங்க வாசல்ல சேர்ப்பீங்களா?"

முனியாண்டி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எப்ப வேணும்னாலும் வரலாங்கய்யா. கதவு தொறந்தே இருக்கும். ஆனா இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போகல. அவ ஷா ஆலம் வேலைக்குப் போகட்டும்."

"சாட்சி நிறைந்தது" என்று அறிவிக்க வேண்டியவர் சார். அவருக்குக் குரல் எழும்பவில்லை. ரயில்வே சிக்னல்காரர் மகள் நான், எனக்கு எழும்பியது. மண்டபம் அதிரச் சொன்னேன். பரமு திரும்பினாள். பத்து பதினைந்து வருட வேலையில் எத்தனையோ பேருக்குச் சான்றிதழ் வழங்கும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அன்றைக்கு நின்ற மாதிரி நிமிர்ந்து நின்றதில்லை.

மதியம் முனியாண்டியைக் கிள்ளான் பஸ் ஏற்றிவிட நானும் கூடவே நடந்தேன். மகளின் பையை மகளிடமே கொடுத்துவிட்டிருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"டீச்சர், காப்பார்லேருந்து ஷா ஆலத்துக்கு எந்த பஸ் போகும்?"

கிள்ளானில் இறங்கி மாற வேண்டும் என்று சொன்னேன். டிரைவர் ஹாரன் அடித்தும் ஏறாமல், எந்த இடத்தில் மாற வேண்டும் என்று இன்னொரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஏறினார்.